தொடுவில்லையும் தூய்மையும்

ஐம்பொறிகளுள் கண்ணுக்கே முதன்மை தருவது உலக வழக்கு. அக்கண்ணின் முகப்பில், கருவிழியின்மீது, மெல்லிய வில்லை ஒன்றைத் தம் விரலாலேயே எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்று நம் இளைஞரிடையே பரவியுள்ளது. ஒரு காலத்தில் சென்னைக்கோ கோவைக்கோ சென்றவர்க்கே கிட்டிய இப்பொருள், இப்பொழுது சேலத்திலும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் கண்ணாடிக் கடைகளிலேயே கிடைக்கிறது. பார்வைக் குறையை நீக்குவதற்கு மட்டுமன்றி, விழியின் நிறத்தை மாற்றிக்காட்டும் ஒப்பனைப் பொருளாகவும் அது விற்கப்படுகிறது.

வில்லையை வாங்குவது எளிது. பேணுவது அத்துணை எளிதன்று. பேணுதலில் நேரும் சிறு பிழை எவ்வாறு பார்வையைக் கவர்ந்துகொள்கிறது என்பதனையும், பேணும் முறையை நன்கு அறிந்தவர்களே அதனை ஏன் நாளடைவில் கைவிடுகின்றனர் என்பதனையும் இக்கட்டுரையில் ஆராய முயல்வோம். முதல் வினாவிற்கு அறிவியல் விடை கூறிவிட்டது. இரண்டாவதற்கு நம் வீடுகளுக்குள்தான் விடை தேட வேண்டியுள்ளது.

பெயரும் பொருளும்

'காண்டாக்ட் லென்ஸ்' என்பதனைத் தமிழில் தொடுவில்லை என்றும் விழிவில்லை என்றும் வழங்குகின்றனர். 'லென்ஸ்' என்னும் இலத்தீன் சொல் நாம் மைசூர்ப் பருப்பு என்று கூறும் பருப்பைக் குறிப்பது. வடிவ ஒப்புமையால் கண்ணாடி வில்லைக்கு ஆகிவந்தது. அறிவியல் கலைச்சொல்லாக்கத்திற்கே தம் வாழ்நாளை ஈந்த மணவை முஸ்தபா போன்றோர் உழைத்த மொழியில் இத்தகைய சொற்களுக்குப் பஞ்சமில்லை. இரு பெயர்களுள் தொடுவில்லை என்பதே நமக்கு உவப்பானது. கண்ணைத் தொடுவதால் இது பயன் தருகிறது. அதனை நம் விரல் தொடுவதால் தீங்கும் வருகிறது. பயனும் தீங்கும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. உண்மையில் வில்லை கருவிழியின்மேல் நேரே அமர்வதில்லை. மிக மெல்லிய கண்ணீர்ப் படலத்தின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. இக்கண்ணீர்ப் படலத்தை நினைவிற் கொள்ளுதல் பின்னர் வருவனவற்றை உணர உதவும்.

மென்வில்லை பிறந்த வரலாறு

1888ஆம் ஆண்டு சூரிச் நகரில் அடால்ஃப் ஃபிக் என்னும் கண் மருத்துவர் கண்ணாடியால் ஆன வில்லையை முதலில் முயல்களுக்கும், பின்னர்த் தமக்கும் அணிவித்துப் பார்த்தார். அக்கனத்த கண்ணாடியை ஒருவர் சில மணி நேரமே தாங்க முடிந்தது. 1948இல் அமெரிக்கரான கெவின் டூயி கருவிழியை மட்டும் மூடும் சிறிய நெகிழி வில்லையை உருவாக்கினார். அது கடினமானது, காற்றின் உயிர்வளியைத் தன்னூடே செல்ல விடாதது.

மென்வில்லையைத் தந்தவர் செக் நாட்டு வேதியியலறிஞர் ஆட்டோ விக்டர்லே. அவரும் டிரகோஸ்லாவ் லிம் என்பவரும் நீரை உறிஞ்சி மென்மையாகும் ஒருவகைப் பல்லுறுப்பியைக் கண்டறிந்தனர். அதனை வில்லையாக வார்க்கும் பணியை அவரது ஆய்வுக்கூடம் தொடராது விட்டுவிட்டது. விக்டர்லே மனந்தளரவில்லை. 1961ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில், குழந்தைகள் பூட்டி விளையாடும் இரும்புப் பட்டைகளையும் மிதிவண்டி டைனமோவையும் கொண்டு தம் வீட்டு மேசையின்மீதே ஒரு சுழல் பொறியை அமைத்து முதல் வில்லைகளை வார்த்தெடுத்தார். அம்முறையின் உரிமையைப் பெற்ற பாஷ் அண்டு லாம் நிறுவனத்தின் வில்லைக்கு அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 1971இல் ஒப்புதல் அளித்தது.

இவ்வில்லையில் நூற்றுக்கு 38 பங்கு நீர். நீரைக் கொண்டிருப்பதனாலேயே அது கண்ணுக்கு இதமாக உள்ளது; நீரின் வழியே உயிர்வளியும் கருவிழியை அடைகிறது. அம்மென்மையே அதன் குறையுமாயிற்று. நீரை ஏற்கும் பொருள் நீரில் கலந்துள்ளவற்றையும் ஏற்கும். கண்ணாடியைத் துடைத்தால் அழுக்கு போய்விடும். பஞ்சு போன்ற ஒன்றை வெறுமனே துடைத்துத் தூய்மை செய்தல் இயலாது.

வில்லையில் சேர்வது யாது?

கண்ணீர் வெறும் உப்புநீரன்று. புரதமும் கொழுப்பும் கலந்த நீர்மம் அது. கண்ணிமை மூடித் திறக்கும்போதெல்லாம் அது விழியைக் கழுவி விடுகிறது. தூசியும் கிருமியும் தங்க இடமின்றி வெளியேறுகின்றன. வில்லையை அணிந்தவுடன் இவ்வேற்பாடு தடைப்படுகிறது. வில்லைக்கும் கருவிழிக்கும் இடையே உள்ள நீர் எளிதில் மாறுவதில்லை. கண்ணீரின் புரதமும் கொழுப்பும் வில்லையின்மேல் படிந்து, நாளாக ஆக மங்கலான ஏடாகின்றன. அவ்வேட்டைப் பற்றிக்கொண்டு கிருமிகள் தங்குகின்றன.

நம் வீட்டுக் குடத்தை நான்கு நாள் தேய்க்காமல் நீர் மட்டும் மாற்றி வந்தால், உட்புறத்தில் விரலை வைத்துப் பார்க்கும்போது ஒரு வழவழப்புத் தட்டுப்படும். கிருமிகள் தமக்குத் தாமே கட்டிக்கொள்ளும் வீடு அது. வில்லையை இரவில் இட்டுவைக்கும் சிறு பெட்டியினுள்ளும் அதே வழவழப்பு உண்டாகிறது. அப்படலத்துக்குள் உள்ள கிருமியை மருந்துக் கரைசல் எளிதில் எட்டுவதில்லை. குடத்தைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துக் கழுவிய நம் பாட்டிமார், தேய்த்தலே தூய்மை என்பதனை எந்த ஆய்வுக்கூடத்திலும் கற்றாரல்லர்.

கருவிழியின் மேற்றோல் உறுதியாக உள்ளவரை கிருமி உள்ளே புகுதல் அரிது. வில்லையின் உராய்வாலும், உயிர்வளிக் குறைவாலும் அத்தோல் நலிவுறும். உறக்கத்தில் இமை மூடியிருக்க, அதன்கீழ் வில்லையும் இருக்குமாயின் உயிர்வளி மேலும் குறைகிறது. 1989இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதனை எண்ணால் காட்டியது. மென்வில்லையைப் பகலில் அணிந்து இரவில் கழற்றுவோரிடையே ஆண்டுக்குப் பதினாயிரம் பேரில் ஏறத்தாழ 4 பேருக்கும், இரவிலும் அணிவதற்கென ஆக்கப்பட்ட வில்லையை அணிவோரிடையே ஏறத்தாழ 21 பேருக்கும் கருவிழிப் புண் உண்டாயிற்று. பின்னர், 1999 அளவில், உயிர்வளியை மிகுதியாகச் செல்லவிடும் சிலிக்கோன் கலந்த வில்லைகள் வந்தன. ஆயினும் உறக்கத்தில் அணிவதன் இடர் அவற்றாலும் நீங்கவில்லை என்பதனை 2008இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. பதினாயிரத்தில் 4 என்பது சிறு எண்ணே. அஞ்சி ஓட வேண்டியதில்லை. உறங்குமுன் கழற்றுதல் என்னும் ஒரே செயல் இடரைப் பெருமளவு குறைக்கிறது என்பதே இதில் நாம் காண வேண்டுவது.

2006ஆம் ஆண்டில் நிகழ்ந்தது

2005ஆம் ஆண்டிலும் 2006இன் தொடக்கத்திலும் சிங்கப்பூரில் கண் மருத்துவர்கள் வியப்பும் அச்சமும் தரும் ஒன்றைக் கண்டனர். வில்லை அணியும் நகரத்து இளையோர் பலர் பூஞ்சையால் உண்டான கருவிழிப் புண்ணோடு அடுத்தடுத்து வந்தனர். பியூசேரியம் என்பது அப்பூஞ்சையின் பெயர். ஹாங்காங்கிலும் அமெரிக்காவிலும் அதே நிலை. சிங்கப்பூரில் மட்டும் 66 நோயாளிகள் கணக்கிடப்பட்டனர். அமெரிக்காவில் உறுதி செய்யப்பட்டோர் 164 பேர். அவருள் மூன்றிலொரு பங்கினருக்குக் கருவிழி மாற்று அறுவை தேவைப்பட்டது.

ஆராய்ந்தபோது, அவருள் மிகப் பலர் பாஷ் அண்டு லாம் நிறுவனத்தின் 'ரெனு வித் மாய்ஸ்சர்லாக்' என்னும் கரைசலைப் பயன்படுத்தியவர் என்பது தெரியவந்தது. 2006 மே மாதத்தில் அக்கரைசல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. புட்டிகளிலேயே பூஞ்சை இருந்ததோ என்று ஐயுற்றனர். திறக்கப்படாத புட்டிகளில் பூஞ்சை இல்லை. நோயாளிகளிடம் கிடைத்த பூஞ்சையும் ஒரே மூலத்திலிருந்து வந்ததாக இல்லாமல் பலவகை மரபினதாக இருந்தது. ஆகவே அது அவரவர் வீட்டிலிருந்தும் சூழலிலிருந்துமே வந்திருத்தல் வேண்டும். கரைசல் அதனைக் கொல்லத் தவறியிருத்தல் வேண்டும். பெட்டியில் வற்றிச் சுண்டிய கரைசலிலும், வெப்பமான இடத்தில் வைத்த புட்டியின் கரைசலிலும் மருந்தின் ஆற்றல் குன்றியதென்று பின்னர் வந்த சில ஆய்வுகள் கூறின. சித்திரை, வைகாசியில் சேலத்து மொட்டைமாடி அறைகளில் வாழ்வோர் இதனை மறவாதிருத்தல் நன்று.

சிங்கப்பூர் நோயாளிகளுள் பெரும்பாலோர் வில்லையைப் பேணுவதிலும் தவறியிருந்தனர். வில்லையோடு உறங்கினோர் அவருள் உண்டு. எனவே மருந்தின் குறையும் மாந்தரின் குறையும் ஒன்றையொன்று சந்தித்த இடத்திலேயே இக்கேடு விளைந்தது எனலாம். நோயாளியின்மீதே முழுப்பழியையும் சுமத்தும் போக்கு மருத்துவ உலகில் உண்டு. அது நேர்மையன்று என்பது நம் கருத்து. தேய்க்க வேண்டா, ஊறவைத்தாலே போதும் என்று அந்நாளில் கரைசல் விளம்பரங்கள் கூறின. மக்கள் அதனை நம்பினர். இவ்வகை நோய்ப்பரவல்களுக்குப் பின்னரே, எக்கரைசலாயினும் தேய்த்துக் கழுவுதல் வேண்டும் என்னும் அறிவுரை வலுப்பெற்றது.

நம் மண்ணின் பூஞ்சை

சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் புதுமையாய்த் தோன்றிய பியூசேரியம் நமக்குப் புதிதன்று. அது மண்ணிலும் பயிரிலும் வாழ்வது. தமிழ்நாட்டு உழவரின் கண்ணுக்கு நெடுங்காலப் பகை.

மதுரை மாவட்டத்தில் ஆண்டுதோறும் லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் உண்டாகிறது என 1996இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. அமெரிக்க மாவட்டம் ஒன்றின் கணக்கோடு ஒப்பிட இது ஏறக்குறையப் பத்து மடங்கு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை மருத்துவர் மு. சீனிவாசனும் குழுவினரும் ஆராய்ந்தனர். அவருள் மூவரில் இருவர் கண்ணில் அடிபட்டவர். கிருமி வளர்ந்து தெரிந்தவருள் ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் பூஞ்சையே காரணம். அப்பூஞ்சைகளுள் முதலிடம் பியூசேரியத்துக்கு. வில்லை அணிந்தோரைப் பற்றிய ஆய்வன்று அது. நெற்கதிரும் வைக்கோலும் மண்ணும் கண்ணில் பட்டு வந்த எளிய மக்களே பலர். எனினும் நம் காற்றிலும் புழுதியிலும் கைவிரலிலும் குடியிருப்பது யாது என்பதனை அது தெளிவாகக் கூறிவிடுகிறது.

சேலம், நாமக்கல் சமவெளியை எண்ணிப் பாருங்கள். கரும்புத் தோகையும் மரவள்ளியும் நிறைந்த வயல்கள். கோழிப் பண்ணைகளின் தூசி. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறிக் கூடங்களில் பறக்கும் பஞ்சு. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் கிளப்பும் கற்றூள். காலையில் தந்தையோடு பண்ணைக்குத் தீவனம் வைத்துவிட்டு வில்லையை அணிந்து கல்லூரிக்குச் செல்லும் மாணவர் நம் வகுப்பறைகளில் உள்ளனர். சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் வாழ்ந்தவரையே தேடிவந்த பூஞ்சை, இம்மாணவரின் நகக்கண்ணிலேயே காத்திருக்கிறது. ஆதலின் மேனாட்டார்க்குச் சொல்லும் தூய்மை விதி நமக்கு மும்மடங்கு பொருந்தும்.

நீரினால் வரும் கேடு

கிருமி நீங்க நீரில் கழுவுதல் நம் மரபு. வில்லையின் திறத்தில் மட்டும் அம்மரபு முற்றிலும் மாறுபடுகிறது. நீரில் கழுவிய வில்லை தூய்மையான வில்லை அன்று.

குழாய்நீரிலும் கிணற்றுநீரிலும் மேல்நிலைத் தொட்டியிலும் அகந்தமீபா என்னும் ஓரணு உயிரி வாழ்கிறது. குடித்தால் அது நமக்குத் தீங்கு செய்வதில்லை. வில்லையில் ஒட்டிக்கொண்டு கருவிழியை அடைந்தால் பல மாதம் மருந்திட்டாலும் ஆறாத, தாங்கொணா வலி தரும் புண்ணை உண்டாக்கவல்லது. சூழல் ஒவ்வாதபோது அது தன்னைச் சுற்றிக் கடின உறையொன்றை அமைத்துக்கொண்டு உறங்கும். குடிநீரில் கலக்கும் குளோரின் அவ்வுறையைத் துளைப்பதில்லை.

1980களில் அமெரிக்காவில் உப்பு மாத்திரையை வாலைவடிநீரில் கரைத்துத் தாமே வில்லைக் கரைசல் செய்துகொள்ளும் வழக்கம் இருந்தது. செலவு குறைவு என்பதே காரணம். அவ்வாறு செய்தோரிடையே அகந்தமீபா நோய் பரவியபோது அவ்வழக்கம் வேண்டா என்று மருத்துவத் துறையினர் எச்சரித்தனர். 2007இல் வேறொரு நிறுவனத்தின் 'கம்ப்ளீட் மாய்ஸ்சர்பிளஸ்' என்னும் கரைசலும் இதே நோயின் தொடர்பால் திரும்பப் பெறப்பட்டது.

நம் ஊர்களில் நீர் எவ்வாறு வருகிறது என்பது யாவரும் அறிந்ததே. மேட்டூர்க் காவிரிநீர் குழாயில் வந்து, தரைத்தொட்டியில் தங்கி, மோட்டாரால் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறி, வெயிலில் காய்ந்து, மீண்டும் குழாய்வழி இறங்குகிறது. நாள்தவறாமல் நீர் வாராத தெருக்களில் பீப்பாயிலும் அண்டாவிலும் பல நாள் தேக்கி வைக்கின்றனர். இத்தகைய தேக்கமே அகந்தமீபாவுக்கு ஏற்ற இடம். கொதிக்க வைத்து ஆறிய நீரும், கடையில் வாங்கும் கேன் நீரும் குடிப்பதற்கே உரியன. வில்லைக்கு உரியன அல்ல. வில்லையோடு குளித்தலும், கிணற்றிலோ காவிரியிலோ வில்லையோடு நீந்துதலும் அதே காரணத்தால் விலக்கத்தக்கன. எச்சிலால் வில்லையை நனைப்போரும் உளர். வாய்க்குள் வாழும் கிருமிகளைக் கண்ணுக்குள் அனுப்பும் செயல் அது.

அறிந்தும் செய்யாமை

இனி நம் இரண்டாம் வினாவிற்கு வருவோம். மருத்துவர் கூறியபடி நோயாளி நடத்தலை ஆங்கிலத்தில் முன்பு கீழ்ப்படிதல் என்னும் பொருள்படும் சொல்லால் குறித்தனர். அச்சொல் நோயாளியை ஏவலாளாக்குகிறது என்பதனால், இசைந்து பற்றியொழுகுதல் என்னும் பொருள்படும் சொல்லை இப்போது பெரிதும் விரும்புகின்றனர். உலக நலவாழ்வு நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கை, வளர்ந்த நாடுகளிலேயே நீடித்த நோயுடையவருள் ஏறக்குறையப் பாதிப்பேர்தாம் மருத்துவ முறையைப் பற்றியொழுகுகின்றனர் என்று கூறியது. நோயால் துன்புறுவோரே இப்படியெனில், நோயே இல்லாத வில்லை அணிவோர் எப்படியிருப்பர்?

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2015இல் இதற்கு விடை கண்டது. வில்லை அணிவோரைக் கேட்டபோது, நூற்றுக்கு 99 பேர் இடர் தரும் செயல் ஒன்றையேனும் செய்பவராக இருந்தனர். பாதிப்பேர் வில்லையோடு இரவில் உறங்கியதுண்டு. பாதிக்கும் மேற்பட்டோர் பெட்டியில் கிடந்த பழைய கரைசலைக் கொட்டாமல் அதன்மேலேயே புதியதைச் சிறிது ஊற்றியவர்கள். ஐவரில் நால்வர் பெட்டியை உரிய காலத்தில் மாற்றாதவர்கள். படித்தவர் நிறைந்த நாட்டில் இந்நிலை. ஆகவே அறியாமை ஒன்றே காரணம் என்று கூறுதல் பொருந்தாது.

பின் எது காரணம்? தவறு செய்த அன்றே வில்லை நம்மைத் தண்டிப்பதில்லை. ஒருநாள் கை கழுவாமல் எடுத்து அணிந்தோம், ஒன்றும் நேரவில்லை. ஒருநாள் பேருந்தில் உறங்கிவிட்டோம். மறுநாள் கண் சிவக்கவில்லை. ஒவ்வொரு தவறும் தீங்கின்றிக் கழியும்போது, விதியே பொய்யென மனம் கருதத் தொடங்குகிறது. அடுப்பைத் தொட்டால் உடனே சுடுவதனால் எவரும் இரண்டாம் முறை தொடுவதில்லை. வில்லையின் சூடு நூறாம் நாளில்தான் தெரிகிறது.

செலவும் ஒரு காரணம். கரைசல் தீர்ந்துவிடுமே என்று அரைப்பங்கு ஊற்றுதலும், மாத வில்லையை மூன்று மாதம் அணிதலும் விடுதிகளில் இயல்பு. முப்பது நாள் என்பது அணிந்த நாளின் கணக்கென்று பலர் கொள்கின்றனர்; உறையைத் திறந்த நாளிலிருந்து எண்ணும் கணக்கு அது. விலை குறைந்த நிற வில்லைகளைத் தோழியர் மாற்றி மாற்றி அணிந்து பார்ப்பதும் உண்டு. ஒருவர் கண்ணின் கிருமியை மற்றொருவர் கண்ணில் இடும் இச்செயலை நட்பின் பெயரால் செய்கின்றனர்!

இவற்றினும் வருந்தத்தக்க காரணம் ஒன்றுண்டு. சமுதாயப் பெரியோர் இதற்குச் செவி சாய்த்தல் வேண்டும். மூக்குக் கண்ணாடி அணியும் பெண்ணை மணம் பேச வருவோர் குறையாகக் கருதுவர் என்னும் அச்சத்தால், பெண் பார்க்கும் நாளுக்கென்றே வில்லை வாங்கித் தரும் பெற்றோர் நம் ஊர்களில் எல்லாச் சமயத்தாரிடையேயும் உள்ளனர். மணமான பின்னும் அம்மறைப்புத் தொடர்கிறது. புதிய வீட்டில், பலர் நடமாடும் கூடத்தில், அப்பெண் எங்கே அமர்ந்து வில்லையைக் கழற்றுவாள்? கரைசல் புட்டியை எங்கே ஒளிப்பாள்? வில்லையோடே உறங்குகிறாள்; குளியலறையில் குழாய்நீரில் கழுவி அவசரமாக அணிகிறாள்; கண் சிவந்தால் தூசி விழுந்தது என்கிறாள். எத்துணை நல்ல கையேட்டை அவளிடம் தந்தாலும் பயனில்லை. அவள் அறிவு குறைந்தவள் அல்லள். தூய்மை செய்ய வெளிச்சமும் தனியிடமும் அச்சமற்ற ஐந்து நிமிடமும் வேண்டும். அவற்றை அவளுக்கு நாம் மறுத்துவிட்டோம். மகளுக்குக் கண்ணாடி உண்டு என்பதனை முதற்பேச்சிலேயே கூறிவிடும் தந்தை, எந்தக் கரைசலும் தராத பாதுகாப்பைத் தருகிறார்.

கற்பிப்போரின் குறையையும் சொல்லத்தான் வேண்டும். பல கடைகளில் வில்லையை அணிவிக்கக் கற்றுத்தருவதோடு சரி. பேணும் முறை பெட்டிக்குள் மடித்த ஆங்கிலத் தாளாகப் போய்விடுகிறது. சொல்வதைக் கேட்டுத் தலையசைப்பவர் கற்றுக்கொண்டார் என்பதற்குச் சான்றில்லை. அவரையே கை கழுவச் செய்து, கழற்றச் செய்து, தேய்க்கச் செய்து, கண்ணால் கண்ட பின்னரே வில்லையைக் கையில் கொடுத்தல் வேண்டும். மறுமுறை வரும்போது மீண்டும் செய்து காட்டச் சொல்லுதல் வேண்டும். நல்ல தமிழில் ஒரு பக்கக் கையேடு எழுதித் தருதல் தமிழ்த்துறைகளும் ஏற்கத்தக்க பணியே.

பேணும் முறை

முதற்கண் கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, நூல் பிரியாத தூய துணியில் ஈரம் போகத் துடைத்தல் வேண்டும். ஈரக்கை என்பது குழாய்நீரே என்பதனை மறவற்க. மிளகாய் அரிந்த கையும் எண்ணெய் தேய்த்த கையும் ஒருமுறைக்கு இருமுறை கழுவத்தக்கன. எப்போதும் வலக்கண் வில்லையிலேயே தொடங்கினால் இடம் மாறிப்போகாது.

கழற்றிய வில்லையை உள்ளங்கையில் வைத்துக் கரைசலைச் சில துளிகள் விட்டு, மறுகை விரலின் நுனியால், நகம் படாமல், இருபுறமும் மெல்லத் தேய்க்க வேண்டும். தேய்த்தபின் அதே கரைசலை நன்கு ஊற்றி அலசிவிட வேண்டும். பெட்டியின் குழியில் புதிய கரைசலை வில்லை மூழ்கும் அளவு நிரப்பி, அதில் குறித்த நேரம் ஊறவிடுதல் வேண்டும். உப்புக் கரைசல் வேறு, கிருமிநீக்கும் கரைசல் வேறு. முன்னது அலசுவதற்கு மட்டுமே; அதில் ஊறவைத்தால் கிருமி சாகாது. கடையில் இரண்டையும் 'சொல்யூஷன்' என்றே தருவதனால் புட்டியின் மேலுள்ளதைப் படித்தல் இன்றியமையாதது. ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த கரைசலும் உண்டு. அது கிருமியை நன்கு கொல்லும். ஆயினும் அதற்குரிய தனிப் பெட்டியில், நடுநிலையாக்கும் தட்டோடு, குறித்த மணி நேரம் முழுவதும் கழிந்த பின்னரே அணிதல் வேண்டும். முன்னரே அணிந்தால் கண் எரியும்.

காலையில் வில்லையை எடுத்தவுடன் பெட்டியிலுள்ள கரைசலை ஒரு துளியும் விடாமல் கொட்டிவிட்டு, புதிய கரைசலால் அலசி, தூய தாளால் துடைத்து, மூடியோடு கவிழ்த்து உலர வைக்க வேண்டும். குளியலறைச் சாளரம் அதற்கு இடமன்று. மூன்று மாதத்திற்கு ஒரு முறையேனும் பெட்டியை எறிந்துவிடுதல் வேண்டும். பெட்டியும் தேய்த்தலுமே தொல்லையெனக் கருதுவோர்க்கு நாளொரு வில்லை உண்டு. மாலையில் கழற்றி எறிந்துவிடலாம். அதன் விலையைத் தாங்க இயலுமாயின், படிக்கும் பிள்ளைகளுக்கு அதுவே சாலச் சிறந்தது என்போம். இயலாவிடில் நல்ல மூக்குக் கண்ணாடி எந்த வகையிலும் தாழ்ந்ததன்று. வில்லை அணிவோரும் ஒரு கண்ணாடியை எப்போதும் வைத்திருத்தல் வேண்டும். காய்ச்சலுற்ற நாளிலும், அறுவடைக் களத்திலும், பண்ணையைக் கூட்டும் பொழுதிலும் அதுவே துணை.

ஒளுவும் சுர்மாவும்

வில்லை அணிந்து ஒளுச் செய்யலாமா என நம் மாணவர் கேட்பதுண்டு. ஒளுவில் முகத்தைக் கழுவுதல் கடமை. கண்ணின் உட்புறத்தைக் கழுவுதல் கடமையன்று. ஆதலின் வில்லை ஒளுவுக்குத் தடையாவதில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு முகம் கழுவி, திறக்குமுன் இமையைத் துடைத்துக்கொண்டால் நீர் உட்புகுவது தவிர்க்கப்படும். பள்ளிவாசல் ஹவுளில் நீர் தேங்கி நிற்பதனால் இக்கவனம் அங்கே மிகுதியும் வேண்டும். வில்லையை எடுக்கவோ வைக்கவோ முற்படும்போது, ஒளுச் செய்த கையென்று கருதாமல் சோப்பிட்டுக் கழுவித் துடைத்தே தொடுதல் வேண்டும்.

சுர்மாத் தூளும் கண்மையும் இமையின் உள்விளிம்பில் இடப்படுவன. அவை வில்லையின்கீழ்ப் புகுந்து கருவிழியை அராவும். வில்லை அணியும் நாளில் சுர்மாவை விடுதலே நலம்.

கண் சிவந்தால்

வில்லை அணிந்த கண்ணில் சிவப்பு, வலி, கூச்சம், நீர் அல்லது பீளை, பார்வை மங்கல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே வில்லையைக் கழற்றிவிட வேண்டும். கழற்றியதும் சற்று இதமாக உள்ளதென்று மீண்டும் அணிதல் கூடாது. சூடோமோனாஸ் என்னும் நுண்ணுயிரி ஓரிரு நாளிலேயே கருவிழியைச் சிதைக்கவல்லது. ஆதலின் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்பது இங்கே பொருந்தாது.

கண்ணைத் துணியால் கட்டுதலும், தாய்ப்பால், விளக்கெண்ணெய் முதலியவற்றை ஊற்றுதலும் வேண்டா. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து இவற்றினும் கொடிது. அதில் ஸ்டீராய்டு இருப்பின் சிவப்பு இரண்டே நாளில் மறைந்து நோய் தீர்ந்தது போலத் தோன்றும். உள்ளே பூஞ்சை தடையின்றி வளரும். பூஞ்சைப் புண்ணுக்கு வேறு மருந்து உண்டு. அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் நடத்தி 2013இல் வெளியிடப்பட்ட ஆய்வு, பழைய மருந்தாகிய நட்டமைசினே புதிய மருந்தாகிய வோரிகோனசோலைவிட நன்மை தருகிறது என்றும், பியூசேரியத்தில் அவ்வேறுபாடு மிகுதி என்றும் நிறுவியது. தமிழ்நாட்டு நோயாளிகளைக் கொண்டு கண்ட அம்முடிவு இன்று உலகெங்கும் மருத்துவர்க்கு வழிகாட்டுகிறது. எக்கிருமி என்று அறிந்தாலன்றி எம்மருந்து என்று அறிதல் இயலாது. புண்ணைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கும் வசதி சேலத்திலுள்ள அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடங்களிலேயே எதிர்பார்க்கத்தக்கது. அங்கே செல்லும்போது கழற்றிய வில்லையையும், அதன் பெட்டியையும், திறந்த கரைசல் புட்டியையும் கழுவாமல் அப்படியே ஒரு பையிலிட்டு எடுத்துச் செல்லுதல் வேண்டும். கண்ணில் அகப்படாத கிருமி பல வேளைகளில் பெட்டியின் அடியில் அகப்பட்டு விடுகிறது.